மெல்லிய தகட்டில் சுழலும் நட்: சிறு பழுதா, பெரும் ஆபத்தா?

அரிவு வெட்டு முடிந்து சூடடிக்கும் நாட்களில் எமது மீள்குடியேற்றக் கிராமங்கள் எதற்குப் போனாலும் ஒரு காட்சியைக் காணலாம். களத்தின் நடுவே மெசின் ஓடிக்கொண்டிருக்கும். அதன் பெல்ற் மூடி மெசினில் இருக்காது. வேலியோரத்தில், சாக்குகளுக்குப் பக்கத்தில், மழையில் நனைந்து துருவேறிக் கிடக்கும். ஏன் கழற்றி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "போல்ற்றை இறுக்கினால் நட்டும் சேர்ந்து சுத்துது. கழட்டவும் ஏலாது, பூட்டவும் ஏலாது. இப்போதைக்கு இப்படியே ஓடட்டும்."

மூடி இல்லாத மெசினைச் சுற்றி நிற்பவர்கள் யார் என்று பாருங்கள். சாரம் கட்டிய ஐயா நிற்கிறார். தலைப்பை இடுப்பில் செருகிய அம்மா நெல்லை அள்ளுகிறார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை பின்னலைத் தோளில் போட்டபடி சாக்குப் பிடிக்கிறது. இயந்திரம் நிமிடத்துக்கு 2000 தடவை சுற்றுகிறது என்றும், அதன் கப்பியின் குறுக்களவு 12 சென்ரிமீற்றர் என்றும் வைத்துக்கொண்டால், பெல்ற் செக்கனுக்கு 12 மீற்றருக்கு மேல் ஓடுகிறது. துணியின் நுனியோ பின்னலோ அதில் அகப்பட்டால், கையை இழுத்துக்கொள்ள வேண்டும் என்று மனம் நினைக்குமுன் எல்லாம் முடிந்துவிடும்.

ஆகவே இந்தக் கட்டுரையில் நாம் பேச வந்திருப்பது விரல் நுனியளவான ஒரு பொருளைப் பற்றியே ஆனாலும், அதனைச் சிறிய விடயமாக நாம் கருதவில்லை. மெல்லிய தகட்டில் பூட்டப்படும் றிவெற் நட் ஏன் சுழல்கிறது, ஏன் பிடுங்கிக்கொண்டு வருகிறது, அதை எப்படித் தடுக்கலாம் என்பதை ஒவ்வொரு கமக்காரக் குடும்பமும் அறிந்திருக்க வேண்டும் என்பதே எமது கருத்து. அதனைக் கராஜ்காரரிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது என்பதும் எமது கருத்து.

றிவெற் நட் என்பது என்ன?

பெல்ற் மூடி, சூடடிக்கும் மெசினின் பக்கத் தகடு, தண்ணீர்ப் பம்பியின் சுவிச் பெட்டி, மின்பிறப்பாக்கியின் உறை போன்றவை மெல்லிய தகட்டால் செய்யப்பட்டவை. அத்தகடு பெரும்பாலும் 1 மில்லிமீற்றருக்குக் கிட்டவே இருக்கும். 20 கேஜ் தகடு ஏறத்தாழ 0.9 மி.மீ.; 24 கேஜ் தகடு ஏறத்தாழ 0.6 மி.மீ. கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெலியும் என்பதை நினைவில் வைத்திருங்கள்.

எம்6 போல்ற் ஒன்றின் ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடையே உள்ள தூரம் 1 மி.மீ. அப்படியானால் 0.8 மி.மீ. தகட்டில் துளையிட்டுப் புரி வெட்டினால் முழுதாக ஒரு புரிகூட அதில் நிற்காது. தகட்டின் பின்பக்கம் கை போகுமானால் அங்கே சாதாரண நட் ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம். கை போகாத இடத்தில் என்ன செய்வது? அதற்காக வந்ததே றிவெற் நட்.

இது ஒரு சிறு குழாய். ஒரு முனையில் தட்டையான விளிம்பு இருக்கும். மறுமுனையின் உட்புறத்தில் புரி வெட்டப்பட்டிருக்கும். நடுவே குழாயின் சுவர் மெல்லியது. துளைக்குள் இதனை விட்டு, புரியுள்ள முனையை வெளிப்பக்கமாக இழுத்தால், மெல்லிய நடுப்பகுதி தகட்டின் பின்னால் புடைத்துக்கொள்ளும். முன்னால் விளிம்பு, பின்னால் புடைப்பு, இரண்டுக்கும் நடுவே தகடு நசுங்கிப் பிடிபடும். அந்தப் பிடிதான் நட் சுழலாமல் நிற்பதற்குக் காரணம். வேறு எதுவும் அதைத் தாங்குவதில்லை.

1930களில் அமெரிக்காவின் பி.எஃப். குட்றிச் நிறுவனம், விமானச் சிறகின் முன்விளிம்பில் படியும் பனிக்கட்டியை உடைத்து அகற்றும் இறப்பர் உறைகளைப் பொருத்துவதற்காக இதனை உருவாக்கியது. விமானத்தில் நின்று பிடித்த பொருள் எமது களத்து மெசினில் ஒரு போகம்கூட நின்று பிடிக்கவில்லை என்றால், குறை அந்த நட்டில் இல்லை. நாம் அதைப் பூட்டும் விதத்திலேயே குறை இருக்கிறது.

ஏன் சுழல்கிறது?

காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, துளை. பழுதுகளுக்கு அடிப்படையாக இருப்பது இதுவே. பொதுவாக எம்4 நட்டுக்கு 6 மி.மீ., எம்5க்கு 7 மி.மீ., எம்6க்கு 9 மி.மீ., எம்8க்கு 11 மி.மீ. துளை வேண்டும். நட் வாங்கும் பெட்டியில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். இந்த அளவைவிட 0.1 மி.மீ. கூடலாம், அதற்குமேல் கூடக் கூடாது. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? 8 மி.மீ. அலகால் துளைத்துவிட்டு, வட்ட அரத்தை உள்ளே விட்டு ஆட்டுகிறோம். துளை முட்டை வடிவாகிறது. சாதாரண முறுக்கு அலகு மெல்லிய தகட்டில் பாயும்போது வட்டத் துளைக்குப் பதிலாக மூன்று மூலையுள்ள துளையைத் தருவதும் உண்டு. அப்படிப்பட்ட துளையில் நட் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும்.

இரண்டாவது, நீளம். ஒவ்வொரு றிவெற் நட்டுக்கும் அது பிடிக்கக்கூடிய தகட்டுத் தடிப்பு ஒன்று உண்டு. 3 மி.மீ. தொடக்கம் தடித்த தகட்டுக்காகச் செய்த நட்டை 0.8 மி.மீ. தகட்டில் போட்டால், புடைப்பு தகட்டிலிருந்து விலகிப் பின்னால் உருவாகும். பார்வைக்குப் பூட்டியதுபோல இருக்கும். கையால் அசைத்தால் ஆடும்.

மூன்றாவது, உடலின் வடிவம். வழுவழுப்பான வட்ட உடலுள்ள நட் மெல்லிய தகட்டில் இலகுவாகச் சுழலும். உடலில் நெடுக வரிவரியாகப் பள்ளம் வெட்டிய நட் அதைவிட நன்றாகப் பிடிக்கும். ஆறுபக்க உடலுள்ள நட்டை ஆறுபக்கத் துளையில் போட்டால் சுழல இடமே இல்லை. ஆனால் ஆறுபக்கத் துளையிடத் தனிக் கருவி வேண்டும். எமது ஊர்களுக்கு வரியுள்ள, அகன்ற விளிம்புடைய நட்டே பொருத்தமானது. கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

நான்காவது, இழுப்பு. குறைவாக இழுத்தால் புடைப்பு உருவாகாது. அளவுக்கு மீறி இழுத்தால் உள்ளே உள்ள புரி உரிந்துபோகும், அல்லது மெல்லிய தகடு குழிந்துவிடும்.

ஐந்தாவது, போல்ற். எமது ஊர்களில் பழைய ஆங்கில அளவு மெசின்களும் மீற்றர் அளவு மெசின்களும் கலந்தே கிடக்கின்றன. கால் அங்குலப் போல்ற்றின் குறுக்களவு 6.35 மி.மீ.; அதன் கரட்டுப் புரி அங்குலத்துக்கு 20, அதாவது புரிக்குப் புரி 1.27 மி.மீ. எம்6 போல்ற்றுக்கோ குறுக்களவு 6 மி.மீ., புரித் தூரம் 1 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தகர டப்பாவில் கையை விட்டு அகப்பட்டதை எடுத்து ஸ்பனரால் பலவந்தமாக ஏற்றினால், முதல் இரண்டு சுற்றிலேயே போல்ற் இறுகிவிடும். அதன்பின் நீங்கள் சுற்றுவது போல்ற்றை அல்ல, நட்டையே.

ஆறாவது, துரு. கடற்காற்று வீசும் ஊர்களிலும், வெள்ளத்தில் நின்ற மெசின்களிலும் போல்ற்றும் நட்டும் துருவால் ஒன்றாகிவிடுகின்றன. அலுமினியத் தகட்டில் உருக்கு நட்டைப் போட்டு, அதில் உப்பு ஈரமும் சேர்ந்தால், நட்டைச் சுற்றியுள்ள அலுமினியம் அரித்துப் பொடியாகும். துளை தானாகவே பெருக்கும். இயன்றவரை உருக்குக்கு உருக்கு, அலுமினியத்துக்கு அலுமினியம் என்று போடுவதே நல்லது.

ஏழாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. மூடியின் காலில் உள்ள துளை, றிவெற் நட்டின் விளிம்பைவிடப் பெரிதாக இருந்தால் என்ன நடக்கும்? போல்ற்றை இறுக்கும்போது மூடி நட்டின் விளிம்பில் அமராது. சுற்றியுள்ள தகட்டில் அமரும். போல்ற் நட்டைத் துளைக்கூடாக முன்னே இழுக்கும். கிணற்றுக் கயிறு வாளியை இழுப்பதுபோல, ஒவ்வொரு சுற்றும் நட்டை வெளியே இழுத்துக்கொண்டே வரும். ஆதலால் மூடியின் கால் எப்போதும் நட்டின் விளிம்பின்மேல் நேராக அமர வேண்டும். துளை பெரிதாயின் இடையே 6 மி.மீ. துளையுள்ள தடித்த வாசர் ஒன்றைப் போட வேண்டும். மூடிக்கும் தகட்டுக்கும் நடுவே இறப்பரை மட்டும் வைத்து இறுக்குவதும் இதே தவறுதான். இறப்பர் வேண்டுமானால் அதன் நடுவே சிறு உருக்குக் குழாய் ஒன்றை வைத்து, இறுக்கத்தைக் குழாய் தாங்கும்படி செய்ய வேண்டும்.

"இப்போதைக்குப் போதும்"

இந்தக் காரணங்களை வாசிக்கும்போது, இவையெல்லாம் கராஜ்காரரின் தவறுகள் என்று சிலர் எண்ணக்கூடும். நாம் அப்படி எண்ணவில்லை. இந்தத் தவறுகளுக்குப் பின்னால் எம்மிடமே ஒரு பழக்கம் இருக்கிறது.

இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்களுக்கு மெசின் என்பது வெறும் இரும்பல்ல. வீட்டையும் காணியையும் கிணற்றையும் விட்டு வந்தோம். தூக்கிக்கொண்டு வரக்கூடியதாக இருந்தது மெசின் ஒன்றுதான். பெட்டியில் ஏற்றுவதற்காக அதன் மூடிகளைக் கழற்றினோம். போல்ற்றுகளை ஒரு துணியில் முடிந்தோம். அடுத்த இடத்தில் அவற்றில் பாதியைக் காணவில்லை. கம்பியால் கட்டினோம். அதற்கடுத்த இடத்தில் கம்பியும் இல்லை. ரியூப் துண்டால் கட்டினோம். 1990களில் தடைகளின் நடுவே மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டியவர்களும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்களும் நாம்தான். அந்தக் கெட்டித்தனத்தை எவரும் குறைத்துப் பேச முடியாது. அதுவே எங்களை உயிரோடு வைத்திருந்தது.

ஆனால் போர் 2009 இல் முடிந்தது. பலர் சொந்தக் காணிக்குத் திரும்பியிருக்கிறோம். சிலர் இன்னும் திரும்ப முடியாமல் மாற்றுக் காணிகளில் பயிர் செய்கிறோம். இருந்தும் "இப்போதைக்குப் போதும்" என்ற சொல் எங்கள் வாயை விட்டுப் போகவில்லை. அன்று அது வேறு வழியில்லாதபோது சொன்ன சொல். இன்று வழி இருக்கும்போதும் சொல்கிறோம். மூடியைக் கம்பியால் கட்டுவது அன்று சாமர்த்தியம். இன்று அதே கம்பி அதிர்வில் அறுந்து பெல்ற்றுக்குள் போனால் அது எங்கள் கையாலேயே நாம் வைத்த பொறி.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் உதிரிப்பாகங்களின் விலை ஏறியதையும், பல பொருட்கள் கடைகளில் கிடைக்காமற் போனதையும் நாம் மறக்கவில்லை. பணம் இல்லாத வீட்டில் மூடியைப் பற்றிப் பேசுவது ஆடம்பரம் என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: கையில் காயம்பட்ட கமக்காரருக்கு அந்தப் போகமே போய்விடும். கூலிக்குப் போகும் பெண்ணுக்கு விரல்கள்தான் முதல். போருக்குப் பின் தனித்து நின்று குடும்பத்தை நடத்தும் பெண்கள் பலர் மெசினையும் தாங்களே இயக்குகிறார்கள். அந்த வீட்டில் ஒரு கை போனால் அதற்கு மாற்றுக் கை இல்லை. இந்தக் கணக்கோடு பார்த்தால் ஒரு றிவெற் நட்டின் விலை எங்கே, அதைப் போடாமல் விட்டதன் விலை எங்கே?

சரியாகப் பூட்டும் முறை

மெசினை நிறுத்தி, அது மீண்டும் இயங்காதபடி செய்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள். மின்கலம் இருந்தால் அதன் வயரைக் கழற்றி வையுங்கள். எரிபொருள் தாங்கிக்குப் பக்கத்தில் ட்றில் போடவோ வெல்டிங் செய்யவோ கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி அணியுங்கள்.

துளையிடும் இடம் தகட்டின் ஓரத்திலிருந்து தள்ளி இருக்க வேண்டும். துளையின் நடுவிலிருந்து ஓரம்வரை குறைந்தது துளையின் அகலத்தைப் போல் இரு மடங்கு இருக்கட்டும். 9 மி.மீ. துளை என்றால் 18 மி.மீ. முதலில் நடுப்புள்ளி குத்தி, 3 மி.மீ. அலகால் துளைத்து, பிறகு படிப்படியாகப் பெருக்குங்கள். பின்னால் மரக்கட்டை வைக்க முடியுமானால் வையுங்கள். படிபடியாக விரியும் கூம்பு அலகு ஒன்று கிடைத்தால் மெல்லிய தகட்டில் வட்டமான துளை கிடைக்கும். துளையின் ஓரத்துப் பிசிறை மெல்ல நீக்குங்கள், ஆழமாகச் சாய்த்துவிடாதீர்கள். வெட்டிய ஓரத்தில் துருத் தடுப்புப் பெயின்ற்றை மெல்லிதாகப் பூசிக் காயவிடுங்கள். தடிப்பாகப் பூசிய பெயின்ற்றின்மேல் நட்டைப் போட்டால், நாளடைவில் பெயின்ற் நசுங்கிப் பிடி தளரும். ஆகவே விளிம்பு அமரும் இடத்தில் பழைய தடித்த பெயின்ற்றைச் சுரண்டி எடுங்கள்.

இழுக்கும் கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் வழி உண்டு. முழு நீளத்துக்கும் புரியுள்ள, தலையில் 8.8 என்று பொறித்த எம்6 போல்ற் ஒன்றை எடுங்கள். அதில் ஒரு நட்டைத் தலைவரை ஏற்றுங்கள். அடுத்து கிறீஸ் பூசிய இரண்டு வாசர்கள். அடுத்து, போல்ற் நுழையும் அளவு துளையிட்ட தடித்த இரும்புப் பட்டி ஒன்று; இது கையால் பிடிப்பதற்காக நீளமாக இருக்கட்டும். கடைசியாக றிவெற் நட்டை, போல்ற்றின் முனை அதன் மறுபக்கத்தில் எட்டிப் பார்க்கும்வரை ஏற்றுங்கள். இப்போது றிவெற் நட்டைத் துளைக்குள் விட்டு, பட்டியை ஒருவர் அழுத்திப் பிடிக்க வேண்டும். போல்ற்றின் தலையை ஒரு ஸ்பனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்ற ஸ்பனரால் நட்டைப் பட்டியை நோக்கி இறக்குங்கள். போல்ற் சுழலக் கூடாது. நட் மட்டுமே சுழல வேண்டும். அப்போது போல்ற் நேராக வெளியே இழுபடும், றிவெற் நட் பின்னால் புடைக்கும்.

எத்தனை சுற்று? இதைத் தகட்டுத் துண்டு ஒன்றில் முதலில் பரீட்சித்துப் பாருங்கள். அதே தடிப்புள்ள துண்டில் ஒரு நட்டைப் பூட்டி, பின்பக்கத்தைக் கண்ணால் பாருங்கள். புடைப்பு தகட்டோடு ஒட்டி, சுற்றிவர ஒரேயளவாக இருக்கிறதா? நன்றாக வரும்வரை சுற்றுகளை எண்ணிக்கொள்ளுங்கள். எம்6 போல்ற்றில் ஒரு சுற்று என்பது 1 மி.மீ. இழுப்பு. துண்டில் சரியாக வந்த எண்ணிக்கையையே மெசினிலும் சுற்றுங்கள். ஒரு நட்டை இதற்காகச் செலவழிப்பது வீண் அல்ல.

மூடியைப் பூட்டும்போது ஒவ்வொரு போல்ற்றையும் முதலில் விரலால் மூன்று சுற்றாவது ஏற்றுங்கள். விரலால் ஏறாத போல்ற் அந்த நட்டுக்கு உரிய போல்ற் அல்ல. எல்லாப் போல்ற்றும் விரலால் ஏறிய பின்னரே ஸ்பனரைத் தொடுங்கள். புரியில் சிறிது கிறீஸ் தடவினால் அடுத்த போகத்தில் இலகுவாகக் கழற்றலாம். இறுக்கும்போது சிறிய ஸ்பனர் போதும். ஸ்பனருக்குப் பைப் போட்டு நீட்டி இறுக்குவது பெரிய இரும்புக்கு உரியது, மெல்லிய தகட்டுக்கு உரியதல்ல.

ஏற்கனவே சுழன்றுவிட்டால்

சுழலும் நட்டுக்குள் பசையை ஊற்றுவதும், சுத்தியலால் தட்டிப் பார்ப்பதும் வேலைக்கு உதவாது. போல்ற் வெளியே வரக்கூடியதாக இருந்தால், போல்ற்றின் தலைக்கடியில் மெல்லிய திருகுசாவியை விட்டு நெம்பி, நட் சுழலாதபடி அழுத்தமாக வைத்துக்கொண்டு மெதுவாகக் கழற்றுங்கள். ஒயில் விட்டு ஓரிரவு ஊறவிட்டால் பல வேளைகளில் வந்துவிடும். வராவிட்டால் போல்ற்றின் தலையை வெட்ட வேண்டும். பின்பு நட்டின் விளிம்பை ட்றில் அலகால் மெதுவாகத் துளைத்து நீக்கினால் மிகுதி பின்னால் விழும். விழுந்த துண்டைக் கட்டாயம் தேடி எடுங்கள். அது விசிறிக்குள்ளோ பெல்ற்றுக்குள்ளோ கிடந்தால் அடுத்த நாள் புதிய பழுது வரும்.

துளை பெருத்திருந்தால் அதே அளவு நட்டைத் திரும்பவும் போடக் கூடாது. எம்6 இருந்த இடத்தில் 11 மி.மீ. துளையிட்டு எம்8 போடலாம். மூடியின் காலும் அதற்கு இடம் தர வேண்டும். துளை சிதைந்திருந்தால் 1.5 முதல் 2 மி.மீ. தடிப்புள்ள சிறு தகட்டுத் துண்டு ஒன்றை மேலே வைத்து, நான்கு மூலையிலும் தறையாணி அடித்து, அந்தத் துண்டின் நடுவே புதிய துளையிட்டு நட்டைப் போடுங்கள். நாம் பெரிதும் விரும்பும் வழி இதுவே. அதிர்வின் பாரம் ஒரு துளையில் நிற்காமல் நான்கு இடத்துக்குப் பகிரப்படுகிறது.

பின்பக்கம் கை போகும் இடத்தில் றிவெற் நட் தேவையே இல்லை. போல்ற்றை ஊடாக விட்டு, இருபக்கமும் அகன்ற வாசர் வைத்து, கழலாத நட் போட்டு இறுக்குவதே உறுதியானது. அதுபோல ஆட்களைத் தாங்கும் ஆசனம், மிதிபலகை, இழுவைக் கொக்கி முதலியவற்றை மெல்லிய தகட்டில் றிவெற் நட் போட்டுப் பூட்டுவது தவறு. மூடியைப் பிடிக்கத்தான் அது. ஆளைத் தாங்க அல்ல.

"வெல்டிங் பிடித்துவிட்டால் பிரச்சினை முடிந்தது" என்பவர்களும் உண்டு. மெல்லிய தகடு வெல்டிங் சூட்டில் ஓட்டையாகும். ஓட்டையாகாமல் ஒட்டினாலும், அடுத்த முறை பெல்ற் மாற்றும்போது மூடியை வெட்டித்தான் எடுக்க வேண்டும். வெட்டி எடுத்த மூடி திரும்ப மெசினுக்கு வருவதில்லை. அது வேலியோரம் போய்விடுகிறது. கழற்றிப் பூட்டக்கூடிய மூடியே நிலைத்து நிற்கும் மூடி.

யார் என்ன செய்ய வேண்டும்?

இழுக்கும் கருவியும், கூம்பு அலகும், எம்5, எம்6, எம்8 அளவில் வரியுள்ள நட்டுகளும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஒரு கமக்காரர் அமைப்புக்கு ஒரு பெட்டி போதும். சங்கத்தின் கடகங்களையும் படங்குகளையும் மாறிமாறிப் பாவிப்பதுபோல இதையும் பாவிக்கலாம். பெட்டிக்குப் பொறுப்பாக இரண்டு பேரைப் பழக்குங்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். போகம் தொடங்குமுன் ஒரு நாளைக் குறித்து, ஊரில் உள்ள எல்லா மெசின்களையும் ஓரிடத்துக்குக் கொண்டுவந்து மூடிகளைப் பாருங்கள். கையால் அசைத்து ஆடும் நட்டுகளுக்குச் சோக்கால் அடையாளம் போடுங்கள். ஒரு பகற்பொழுதுக்குள் முடியும் வேலை இது.

கராஜ் வைத்திருப்பவர்களிடமும் எமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. துளையைச் சரியாக இடுவதற்குக் கூடுதல் நேரம் எடுக்கும் என்று வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள். அதற்குரிய கூலியைக் கேளுங்கள். அந்தக் கூலியைக் கொடுக்க மறுப்பது எங்கள் தவறு. மலிவாகச் செய்து தாருங்கள் என்று நாமே நெருக்கிவிட்டு, பிறகு நட் சுழல்கிறது என்று அவர்களைக் குறை சொல்வது நியாயமல்ல.

மெசின்களை உதவியாகத் தருபவர்களிடமும் சொல்ல வேண்டியது இருக்கிறது. மெசினைத் தந்து, பெயர்ப்பலகை பூட்டி, படம் எடுத்துக்கொண்டு போவதோடு உதவி முடிவதில்லை. அதே மெசினுக்கு உரிய போல்ற், நட்டின் அளவுகளைத் தமிழில் எழுதிய ஒரு தாளையும், ஒரு கைப்பிடி உதிரி நட்டுகளையும், அவற்றைப் பூட்டும் கருவியையும் சேர்த்துத் தாருங்கள். இவை மெசினின் விலையில் மிகச் சிறு பங்கு. மெசின் வாங்கும்போது இவற்றைக் கேட்பதற்கு நாமும் கூச்சப்படத் தேவையில்லை. தருவதை வாங்கிக்கொண்டு மௌனமாக இருக்கும் காலம் போதும்.

சாக்குப் பிடித்து நின்ற அந்தப் பிள்ளையைத் திரும்பவும் நினைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளை காண வேண்டியது மூடியோடு ஓடும் மெசினை. மூடி இல்லாத மெசினைப் பார்த்து வளரும் பிள்ளை, மெசின் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று பழகிக்கொள்ளும். நாம் கம்பியையும் ரியூப் துண்டையும் பழகிக்கொண்டதுபோல. அந்தப் பழக்கத்தை எங்கள் பிள்ளைகளுக்கு முதுசமாகக் கொடுக்க வேண்டியதில்லை.

ஆகவே அடுத்த போகம் வருமுன், வேலியோரம் கிடக்கும் மூடியைத் தூக்கித் துடைத்து எடுங்கள். அதன் காலில் உள்ள துளையை அளந்து பாருங்கள். நட்டை விரலால் அசைத்துப் பாருங்கள். ஆடினால் அதை இன்றே மாற்றுங்கள். நாம் இப்போது இருப்பது தற்காலிகக் கொட்டிலிலாக இருக்கலாம். காணி உறுதி இன்னும் கைக்கு வராமல் இருக்கலாம். ஆனால் எங்கள் கைகள் தற்காலிகமானவை அல்ல. அவற்றை வைத்துத்தான் நாளைக்கும் நாம் உழ வேண்டும்.